அம்மா போகாத மாநாடு

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால், அடுத்த வீட்டு டிவியில் படம் பார்த்த கதை எப்படியும் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இடம் பிடிக்க ஓடியது, வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்தியது, சன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி பாட்டுக் கேட்டது. எனக்கும் அதெல்லாம் உண்டு. ஆனால் டிவி என்றதும் எனக்கு முதலில் நினைவு வருவது படம் இல்லை, ஒரு கட்சி மாநாடு. எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். சொன்னால் உங்களில் பாதிப் பேர் கதையை விட்டுவிட்டுக் கட்சியைப் பிடித்துக்கொள்வீர்கள். மாநாடு வடக்கே ஒரு பெரிய ஊரில் நடந்தது, அதை டிவியில் நேரடியாகக் காட்டினார்கள், என் அம்மா அந்தக் கட்சிக்காரி. இவ்வளவு தெரிந்தால் போதும்.

எண்பதுகளின் நடுவில் ஒரு மாசி மாதம். நான் ஐந்தாம் வகுப்பு. தெப்பக்குளத்துக்கும் முனிச்சாலைக்கும் இடையில் ஒரு சந்தில் வாடகைக்கு இருந்தோம். சந்தில் பாதி வீடுகளில் சௌராஷ்டிரம் பேசுவார்கள். சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடும் வீடுகள் இரண்டு இருந்ததால் வாசலில் ஓடும் சாக்கடை ஒரு நாள் சிவப்பாகவும் ஒரு நாள் மஞ்சளாகவும் இருக்கும். பள்ளிக்கூடம் போகும்போது இன்றைக்கு என்ன நிறம் என்று பார்த்துவிட்டுத்தான் தாண்டுவேன். ஈரச் சேலைகளில் முடிச்சு முடிச்சாக நூல் கட்டியிருக்கும். வெயிலில் அவை காயும்போது வரும் வாசனை, வேகவைத்த துணியும் உப்பும் கலந்த மாதிரி ஒன்று, இப்போது எங்கேயும் கிடைப்பதில்லை.

அப்பா மேலூர் பஸ்ஸில் கண்டக்டர். வீட்டுக்குள் வரும்போது டீசல் வாசமும் தோல் பையின் வாசமும் முன்னால் வரும். அவருடைய சங்கம் வேறு கட்சியைச் சேர்ந்தது. வீட்டில் இதனால் சண்டை வந்ததாக எனக்கு நினைவில்லை. தேர்தல் வந்தால் அப்பா ஒரு பக்கம் போடுவார், அம்மா ஒரு பக்கம் போடுவாள், திரும்பி வரும் வழியில் மூன்று பேரும் பால்கோவா சாப்பிடுவோம்.

அம்மா எப்படிக் கட்சிக்காரி ஆனாள் என்பதை முதலில் சொல்ல வேண்டும். அவள் சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவள். எட்டாவது வரை படித்தவள். பேப்பரை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாசிப்பாள், பொட்டலம் கட்டி வந்த பேப்பரையும் பிரித்து நீவி வாசிப்பாள். அதற்கு முந்தின தேர்தலில் ஒரு நாள் காலையில் எங்கள் சந்து முனையில் கட்சி ஜீப் வந்து நின்றது. மேலே இரண்டு குழாய் ஸ்பீக்கர். மைக்கில் பேசிக்கொண்டிருந்தவருக்குத் தொண்டை கட்டிப்போய் வெறும் காற்றுதான் வந்தது. ஜீப்பில் இருந்த ஒருவர் குழாயடியில் நின்ற பெண்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "யாராச்சும் ஒரு அக்கா ரெண்டு வார்த்தை பேசுங்களேன்" என்றார். விளையாட்டுக்குத்தான் கேட்டார். அம்மா இடுப்பிலிருந்த குடத்தை இறக்கி வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போய் மைக்கை வாங்கினாள்.

"இந்தக் குழாயில விடியக்காலம் நாலு மணிக்குத் தண்ணி வருது. அஞ்சு மணிக்கு நின்னுருது" என்று ஆரம்பித்தாள். "நாங்க எப்பத் தூங்குறது, எப்ப எந்திரிக்கிறது? ஓட்டுக் கேட்டு வாரவங்க எல்லாரும் எங்க குடத்தப் பாக்குறாங்க. உள்ள தண்ணி இருக்கான்னு பாக்குறதில்ல. நான் இவங்களுக்குத்தான் போடப் போறேன். ஏன்னா, நாளைக்கித் தண்ணி வரலன்னா இவங்க வீட்டு வாசல்ல போயி நான் கேக்கலாம். இன்னைக்கி இவங்களுக்காகப் பேசுனவன்னு சொல்லிக் கேக்கலாம்."

அவ்வளவுதான். இரண்டு நிமிஷம் இருக்கும். சாயக்காரர்கள் நீலக் கையும் சிவப்புக் கையுமாக வாசலுக்கு வந்து நின்று கேட்டார்கள். நான் குடத்துக்குக் காவல் நின்றேன். அந்த ஸ்பீக்கரிலிருந்து வந்தது அம்மாவின் குரல்தானா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. வீட்டில் கேட்கும் குரலை விட அது மெதுவாகவும் நிதானமாகவும் இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் அப்பா வந்ததும் கேட்டார். "என்ன, மைக்குப் பிடிச்சியாமே?"

"ஆமா."

"நல்லாப் பேசுனேன்னு டிப்போ வரைக்கும் சொல்றாங்கெ."

அம்மா அவருக்குச் சோறு போட்டாள். அன்றைக்கு ரசத்தை இரண்டு தடவை ஊற்றினாள்.

அதற்குப் பிறகுதான் கட்சியின் மகளிர் அணித் தலைவி எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். கனத்த உடம்பு, நெற்றியில் பெரிய பொட்டு, எந்த வெயிலிலும் செருப்பில்லாமல் நடப்பவர். வந்தால் மடக்கு நாற்காலியில் உட்கார மாட்டார். "இது என்னைத் தாங்காது தங்கச்சி" என்று சொல்லித் தரையில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொள்வார். அவர்தான் மாநாட்டுச் செய்தியைக் கொண்டுவந்தவர். மதுரையிலிருந்து ஐம்பது பெண்கள் ரயிலில் போகிறார்கள். அம்மா பெயரையும் கொடுத்தாயிற்று. போய்வர எல்லாம் சேர்த்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகும்.

அந்த மாசி மாதத்தின் முதல் இரண்டு வாரம் எங்கள் வீடு இருந்த மாதிரி அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. அடர்நீல ரெக்சின் பை ஒன்று வந்தது. ஐம்பது பேரும் ஒரே மாதிரிக் கட்டுவதற்கென்று கட்சிக் கரை போட்ட வெள்ளைச் சேலை வந்தது. வடக்கே குளிரும் என்றார்கள். மதுரையில் யாரிடம் ஸ்வெட்டர் இருக்கும்? மூன்றாவது வீட்டு அத்தை, அதாவது எங்கள் சந்தில் டிவி வைத்திருந்த சௌராஷ்டிரா வீட்டு அத்தை, தன் வீட்டுக்காரர் கொடைக்கானலுக்கு வாங்கின ஆம்பளை ஸ்வெட்டரைக் கொடுத்தார். மெரூன் நிறம். அந்துருண்டை வாசம். அம்மா அதைச் சேலைக்கு மேலே மாட்டிக்கொண்டு, கையிரண்டும் நீண்டு தொங்க, கண்ணாடி முன்னால் நின்று தானாகச் சிரித்தாள். உச்சி வெயில். முகமெல்லாம் வேர்வை. கழற்ற மனமில்லாமல் அப்படியே நின்றாள். நான் கதவோரம் இருந்து பார்த்தேன் என்பது அவளுக்குத் தெரியாது.

அப்பாவும் ஒன்று செய்தார். பஸ் ஸ்டாண்டில் விற்கும் ஒல்லியான இந்திப் புத்தகம் ஒன்றை வாங்கி வந்து கொடுத்தார். "தண்ணி வேணும்னு கேக்கவாவது தெரியணும்ல" என்றார். அம்மா அடுப்படியில் அதைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு, "பானி, பானி" என்று சொல்லியபடி பருப்புக் கடைந்தாள்.

அதே சமயத்தில் எனக்கும் ஒரு விசேஷம் இருந்தது. பள்ளி ஆண்டு விழாவில் கோலாட்டம். ஆடும் பெண்கள் எல்லாரும் பூச்சடை வைத்து வர வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். வாழை மட்டையில் மல்லிகை மொட்டுகளை வரிசை வரிசையாகத் தைத்து, பின்னலின் மேல் வைத்துக் கட்டுவார்களே, அது. அம்மா நன்றாகத் தைப்பாள். எனக்கு அதற்கு முன் ஒரே ஒரு தடவை வைத்துவிட்டிருக்கிறாள். ஆண்டு விழா வெள்ளிக்கிழமை. ரயில் புதன்கிழமை.

அதை யாரும் கவனிக்கவில்லை. நானும் திங்கட்கிழமை வரை வாயைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் மகளிர் அணித் தலைவி வந்தார். ஸ்டேஷனுக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா டூட்டி முடிந்து வந்தார். பையை ஆணியில் மாட்டினார். முகம் கழுவவில்லை, உட்காரவும் இல்லை. வழக்கமாக அவரோடு வேடிக்கையாகப் பேசுபவர் அன்றைக்குப் பேசவில்லை.

"அண்ணே, பொதங்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு நானே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றார் தலைவி. "உங்க வீட்டுப் பொருளப் பத்திரமாத் திருப்பி ஒப்படைச்சிருவேன்."

அப்பா சட்டைப் பொத்தானைக் கழற்றியபடி சொன்னார். "நான் என்னைக்கி வேணாம்னேன்? நான் எதையும் தடுக்கிற ஆளு இல்லக்கா. பிள்ள ஒண்ணு இருக்குல்ல. ஒரு வாரம் அது இருக்கணும். அதையும் ஒரு வார்த்தை கேப்போம்."

பிறகு என்னைப் பார்த்தார். "என்ன பாப்பா, அம்மா போகட்டுமா?"

அடுப்படி வாசலில் அம்மா நின்றிருந்தாள். கையில் காப்பி டம்ளர். தலைவி காலை மடக்கிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். மூன்று பெரியவர்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்து வயதில் அது எவ்வளவு பெரிய கௌரவம் என்று உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த நியாயத்தைத்தான் நான் சொன்னேன்.

"பூச்சடை யாரு தைப்பா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அம்மா போக வேணாம்" என்றேன்.

அப்பா சிரித்தார். "பாத்தீங்களா, மேலிடத்து உத்தரவு வந்துருச்சு. நான் என்ன பண்ண?"

தலைவி அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா டம்ளரை அவர் பக்கத்தில் வைத்தாள். "நீங்க போய்ட்டு வாங்கக்கா" என்றாள். "காப்பி ஆறுது."

அன்றைக்கு விளக்கு வைப்பதற்குள் ரெக்சின் பை காலியாகிவிட்டது. ஸ்வெட்டரை நான்தான் மூன்றாவது வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். இந்திப் புத்தகம் கொஞ்ச நாள் அரிசி டின் மேல் கிடந்தது, பிறகு அதுவும் கண்ணில் படவில்லை. வெள்ளிக்கிழமை அம்மா பூச்சடை தைத்தாள். மாசியில் மொட்டு வரத்துக் குறைவு, சின்னச் சின்ன மொட்டு, அதற்குப் பூமார்க்கெட் வரை நடந்து போய் வாங்கி வந்திருந்தாள். ஒரு மொட்டு விலகாமல் அப்படித் தைத்திருந்தாள். தலை கனத்தது. நான் மூன்றாவது வரிசையில் நின்று ஐந்து நிமிஷம் ஆடினேன். என் சடையைப் பார்க்க வேண்டுமென்றால் நான் திரும்பி நின்றால்தான் உண்டு. அந்த ஆட்டத்தில் திரும்புகிற இடமே இல்லை.

சந்தில் எல்லோரும், கண்டக்டர் பொண்டாட்டியை அனுப்பவில்லை என்று பேசிக்கொண்டார்கள். அப்பா மறுக்கவில்லை. பிள்ளையைக் காட்டித் தப்பித்தோம் என்று சொல்வதைவிட அது அவருக்கு மரியாதையாகப் பட்டதோ என்னவோ.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு டிவியில் மாநாட்டைக் காட்டுகிறார்கள் என்று பேப்பரில் போட்டிருந்தது. அம்மா அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஒன்பது மணிக்கெல்லாம் சமையலை முடித்தாள். தலைக்குக் குளித்தாள். பிறகு பெட்டியைத் திறந்து கட்சிக் கரை போட்ட அந்த வெள்ளைச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். மடிப்புக் கலையாத புதுச் சேலை, நடந்தால் சரசரவென்று சத்தம் போட்டது.

"எங்கம்மா போற?" என்றேன்.

"டிவி வீட்டுக்கு. வாரியா?"

நீங்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். அம்மா அதுவரை அந்த வீட்டுக்கு டிவி பார்க்கப் போனதே இல்லை. நான் ஞாயிற்றுக்கிழமை படத்துக்குப் போவேன், அவள் வர மாட்டாள். அடுத்த வீட்டுத் தரையில் போய் உட்காருவது அவளுக்குப் பிடிக்காது. அன்றைக்கு அவளே முன்னால் நடந்தாள். நான் நாலு அடி தள்ளி நடந்தேன். டிவி பார்ப்பதற்கு யாராவது புதுச்சேலை கட்டுவார்களா என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்த டிவிக்கு மரக்கதவு உண்டு, இரண்டு பக்கமும் தள்ளித் திறக்கிற மாதிரி. திரையின் மேல் நீலக் கண்ணாடித் தாள் ஒட்டியிருந்ததால் எல்லா ஊரும் எல்லா மனிதர்களும் கொஞ்சம் நீலமாக இருப்பார்கள். பக்கத்தில் ஒரு ஸ்டெபிலைசர் உறுமிக்கொண்டே இருக்கும். கரண்ட் குறைந்தால் படம் நாலு பக்கமும் சுருங்கி நடுவில் வந்து நிற்கும். அன்றைக்கு ஏற்கெனவே பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள், முக்கால்வாசி பிள்ளைகள். மாநாடு முடிந்ததும் ஏதாவது பாட்டுப் போடுவான் என்ற நம்பிக்கைதான்.

அத்தை அம்மாவைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் நின்றார். சேலையைப் பார்த்தார். பிறகு ஓர் ஓரத்திலிருந்த முக்காலியைத் தூக்கி வந்து நடுவில் போட்டார். "உக்காருங்கக்கா. எங்க பாஷையில இந்தி கொஞ்சம் ஒட்டும். நான் சொல்றேன்" என்றார்.

மாநாடு ஆரம்பித்தது. அப்படி ஒரு பந்தலை நான் பார்த்ததில்லை. ஒரு கேமரா இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குத் திரும்புவதற்கே அவ்வளவு நேரம் ஆனது. எங்கு பார்த்தாலும் தலை. அம்மா முக்காலியின் நுனியில் உட்கார்ந்து, முழங்கால் மேல் இரண்டு கையையும் வைத்திருந்தாள். ஒவ்வொருவராகப் பேசினார்கள். அத்தை மொழிபெயர்த்தார். முதலில் பேசியவர் நாட்டுக்கு நல்லது செய்யணும்னு சொல்றார் என்றார். இரண்டாவது பேசியவரும் நாட்டுக்கு நல்லது செய்யணும் என்றுதான் சொன்னார். மூன்றாமவர் வெகு நேரம் கோபமாகக் கையை ஆட்டிப் பேசினார். அத்தை கவனமாகக் கேட்டுவிட்டு, "இவரும் அதத்தான் சொல்றாரு. ஆனா கொஞ்சம் கோவமா" என்றார். அம்மா சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

கேமரா பெண்கள் பக்கம் திரும்பியது. ஒரே வெள்ளை. நீலத்தாள் வழியாகப் பார்த்ததால் தண்ணீர் மாதிரி தெரிந்தது. அம்மா எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தாள். "மறைக்குது, மறைக்குது" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

"அந்தா நம்ம அக்கா" என்றாள் அம்மா. விரலைத் திரையில் வைத்தாள். "பெரிய பொட்டு. தெரியுதா? பக்கத்துல இருக்கிறது முனிச்சாலைப் பூக்காரக்கா மாதிரி இருக்கு."

எனக்குத் தெரியவில்லை. கேமரா நகர்ந்துவிட்டது. அவள் விரல் அந்த இடத்திலேயே இருந்தது. இப்போது அங்கே யாரோ ஒரு தலைப்பாகைக்காரர் இருந்தார்.

நடுவில் படம் போய்விட்டது. இந்தியில் ஏதோ எழுதிய அட்டை வந்து நின்றது. இரண்டு பிள்ளைகள் எழுந்து போனார்கள். அம்மா அந்த அட்டையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரும்பப் படம் வந்தபோது, மேடையில் தலைவர் ஏதோ சொல்ல, பந்தலில் இருந்த அத்தனை பேரும் எழுந்தார்கள். அவ்வளவு பேர் எழுந்த சத்தம் அந்தச் சின்ன டிவியில் மழை மாதிரி கேட்டது. எல்லாரும் வலது கையை முன்னால் நீட்டினார்கள்.

"உறுதி எடுக்கிறாங்கக்கா" என்றார் அத்தை.

அம்மா எழுந்து நின்றாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். வலது கையை நேராக நீட்டினாள். தலைவர் ஒரு வரி சொல்ல, கூட்டம் அதைத் திருப்பிச் சொல்ல, அம்மாவின் உதடும் அசைந்தது. இந்தி தெரியாது. என்ன சொன்னாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் சத்தமில்லாமல் வரிக்கு வரி அசைந்தது.

முதலில் ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். பிறகு எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். ஒருத்தி தானும் கையை நீட்டி அம்மா மாதிரியே நின்று காட்டினாள். என் முகம் எரிந்தது. நான் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

"உக்காரும்மா. எல்லாரும் பாக்குறாங்க."

அவள் திரும்பவில்லை. நான் இன்னும் பலமாக இழுத்தேன். இடுப்பில் செருகியிருந்த முந்தானை கையோடு வந்துவிட்டது. அவள் இடது கையால் அதைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள், வலது கையை இறக்கவில்லை.

அப்போது அத்தை எழுந்தார். அவர் எந்தக் கட்சியும் இல்லை. ஓட்டுப் போடப் போகும்போதுகூட வீட்டுக்காரர் சொன்ன சின்னத்தைக் கையில் எழுதிக்கொண்டு போவார் என்று சொல்வார்கள். அவர் அம்மாவின் பக்கத்தில் வந்து நின்று, "நானும் நிக்கிறேன்க்கா, காலு மரத்துப் போச்சு" என்றார். பிள்ளைகளைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. வீட்டுக்காரம்மா நிற்கும்போது வேறு என்ன செய்வது? ஒவ்வொருவராக எழுந்தோம். கடைசியில் நானும் எழுந்தேன்.

அப்போதுதான் வாசலில் அப்பா நிற்பதைப் பார்த்தேன். காக்கிச் சட்டை. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவர், வீட்டில் ஆளில்லாமல் இருக்கவும் தேடி வந்திருக்க வேண்டும். அம்மா அவரைப் பார்க்கவில்லை, அவள் முதுகுதான் அவர் பக்கம் இருந்தது. அப்பா கொஞ்ச நேரம் நின்றார். செருப்பைக் கழற்றலாமா என்று யோசித்த மாதிரி ஒரு காலை உருவினார். பிறகு திரும்ப மாட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு அவர் சாப்பிடாமலே வண்டிக்குப் போனார் என்று நினைக்கிறேன். சோற்றுப் பானை நாங்கள் திரும்பியபோது மூடியது மூடியபடி இருந்தது.

டிவி வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு இருபது அடி. அந்த இருபது அடியில் அம்மா ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். "எம்புட்டுப் பெரிய பந்தலு, பாத்தியா?"

நான் உம் என்றேன். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

அடுத்த வாரம் மகளிர் அணித் தலைவி வந்து, காலை நீட்டி உட்கார்ந்து, மூன்று மணி நேரம் கதை சொன்னார். ரயிலில் மண் குவளையில் டீ கொடுத்தது, குளிரில் ஐம்பது பேரும் ஒன்றாக ஒட்டிப் படுத்தது, கும்பலில் மூன்று பேர் வழி தவறி வேறு மாநிலத்துக்காரர்களின் பந்தலில் சாப்பிட்டுவிட்டு வந்தது. அம்மா ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிக் கேட்டாள். "பந்தலுக்குள்ள தரை எப்படிக்கா? மண்ணா, பாய் விரிச்சிருந்தாங்களா?" என்றுகூடக் கேட்டாள். போகும்போது அவர் ஒரு பேட்ஜைக் கொடுத்துவிட்டுப் போனார். ரோஜா நிறத் துணிப் பூவும் அதன் நடுவில் ஓர் அட்டையும். பெயர் முன்பே கொடுத்திருந்ததால் அம்மாவுக்கும் சேர்த்து வந்துவிட்டது. அட்டையில் இந்தியில் எழுதியிருந்தது. அம்மாவின் பெயர்தான் என்று அவர் சொன்னார், நாங்கள் நம்பினோம். பிற்பாடு நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் வீடு கட்டிக் குடிபோனபோது அது எங்கேயோ தவறிவிட்டது.

அதற்குப் பிறகு வந்த தேர்தலில் ஜீப் மறுபடியும் எங்கள் சந்து முனையில் வந்து நின்றது. இப்போது விளையாட்டாகக் கூப்பிடவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அம்மா குடத்தோடு நின்றுகொண்டே, "தொண்டை சரியில்லண்ணே" என்றாள். தொண்டை நன்றாகத்தான் இருந்தது. ஓட்டு மட்டும் கடைசி வரை அந்தக் கட்சிக்கே போட்டாள்.

நான் வெகு காலம் இதை என் கணக்கில்தான் வைத்திருந்தேன். ஒரு சடைக்காக அம்மாவின் மாநாட்டைக் கெடுத்தவள் நான். சேலையைப் பிடித்து இழுத்தவளும் நான். கல்யாணமாகிப் போன பிறகும், எங்காவது பூச்சடை வைத்த பிள்ளையைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் போயிற்று. உள்ளாட்சிப் பதவிகளில் பெண்களுக்கென்று இடம் ஒதுக்கினார்களே, அந்தச் சமயம். நான் தலைப்பிரசவத்துக்கு வந்து, நாகமலை புதுக்கோட்டை வீட்டில் கைக்குழந்தையோடு இருந்தேன். அப்பா ஓய்வு பெற்றிருந்தார். ஒரு நாள் காலையில் கட்சிக்காரர்கள் ஐந்தாறு பேர் வந்து முன்னறையில் உட்கார்ந்தார்கள். அம்மா நிற்க வேண்டும் என்றார்கள். அப்பாவுக்கு என்ன செய்வதென்று தெரியாத சந்தோஷம். அவர்களை உட்கார வைத்துவிட்டு அடுப்படிக்கு வந்தார்.

"நில்லேன். வீடு வீடா நான் கூட வாரேன். நோட்டீசெல்லாம் நான் குடுக்கிறேன்."

"வேணாங்க" என்றாள் அம்மா. குழந்தை அவள் தோளில் இருந்தது.

அப்பா என் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "அன்னைக்கி டிப்போவுல ஒருத்தன், என்ன மாப்ள, பொண்டாட்டி டெல்லிக்கா, நீ அடுப்படிக்கான்னு கேட்டுட்டான் பாப்பா. எனக்குப் போன்னு சொல்லவும் வாய் வரல, போகாதன்னு சொல்லவும் வாய் வரல. அப்பறம் டிவி வீட்டு வாசல்ல இவ நின்ன நிலையப் பாத்தேன். அத நெனைக்காத நாளில்ல." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நீ சொன்னா அம்மா கேப்பா. நீ சொல்லு, அம்மா நிக்கட்டுமா?" என்றார்.

"அவள ஏன் கேக்குறீங்க?" என்றாள் அம்மா.

சத்தமாகச் சொல்லவில்லை.

"அன்னைக்கும் அவகிட்டத்தான் கேட்டீங்க. பத்து வயசுப் பிள்ள, அதுக்கு என்ன தெரியும்? அது பூ வேணும்னு அழுதுச்சு. நான் பூத் தச்சுக் குடுத்தேன், அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா நான் அங்கனதான் நின்னுக்கிட்டு இருந்தேன். ஒனக்குப் போக ஆசையான்னு எங்கிட்ட ஒரு வார்த்த யாரும் கேக்கல."

பாலின் மேல் ஆடை படிந்துகொண்டிருந்தது. முன்னறையில் யாரோ இருமினார்கள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, "சரி, இப்பக் கேக்குறேன். ஒனக்கு நிக்க ஆசையா?" என்றார்.

அம்மா யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள் என்பது முகத்தில் தெரிந்தது.

"இப்ப இல்லீங்க" என்றாள். "அன்னைக்கி இருந்துச்சு. அம்புட்டு இருந்துச்சு."

குழந்தையை என் மடியில் விட்டுவிட்டு, காப்பித் தட்டை எடுத்துக்கொண்டு அவளே முன்னறைக்குப் போனாள். அவர்களிடம் அவளே பேசினாள். தான் ஏன் நிற்கவில்லை, யாரை நிறுத்தினால் நன்றாக இருக்கும், அந்தப் பக்கம் எந்தத் தெருவுக்கு இன்னும் தண்ணீர்க் குழாய் வரவில்லை என்று ஒவ்வொன்றாக, மெதுவாகவும் நிதானமாகவும் சொன்னாள். இடையில் ஒருவரும் குறுக்கே பேசவில்லை. அம்மா போய்ச் சேர்ந்து இப்போது ஆறு வருஷமாகிறது. அவள் நாலு பேர் முன்னால் பேசி அந்த நாளுக்குப் பிறகு நான் கேட்டதில்லை. அன்றைக்கு அடுப்படியில் அப்பா சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, கடைசி வார்த்தை வரை கேட்டுக்கொண்டிருந்தார்.